மூன்றால் வகுக்க வேண்டும்

மாரிபோரில், டிராவா ஆற்றுக்குத் தெற்கே
முன்பு சாயம் தோய்த்த கூடத்தில் எங்கள் பட்டறை.
நாடகங்களுக்கு அரண்மனை செய்கிறோம், காடு செய்கிறோம்,
ஒருமுறை, திறக்கவே திறக்காத நாற்பது கதவுகள்.

இழைப்பு இயந்திரம் நானூற்று எண்பது கிலோ.
பதினோரு வருடமாக வைத்த இடத்தில் இருக்கிறது.
நாங்கள் மூவரும்தான்
முறுக்கிக்கொண்ட பங்காளியைக் கடப்பதுபோல
ஒதுங்கி ஒதுங்கி நடக்கிறோம்.
"சக்கரம் வைத்துவிடலாம்" என்றாள் யெர்னேயா,
மூன்றாவது முறையாக அதே முழங்காலில் இடித்துக்கொண்டு.

ரயில்பாதைக்கு அப்பால் வொய்கோவின் கடை.
எடை எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை.
"தரை எப்படி?" என்றார்.
ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.
மேலே நின்றுகொண்டே இருந்திருக்கிறோம்,
அதைப் பற்றி யோசித்ததில்லை.
கான்கிரீட். விரிசல் உண்டு. சாயத்தண்ணீர் வடிய
நடுவில் ஓடும் சாக்கடையை நோக்கி
லேசாய் ஒரு சரிவு.

ரப்பர் சத்தம் போடாது, ஆனால்
இரும்புத் துருவலை விழுங்கி வைத்துக்கொள்ளும்,
ஒரு குளிர்காலம் நகர்த்தாமல் விட்டால்
நின்ற பக்கம் தட்டையாகிவிடும்.
நைலான் சுலபமாக உருளும், ஊரைக் கூட்டும்,
அதற்கு ஒரு ஆணித்தலையே மலை.
இடையில் இது, என்று
இருமல் மருந்து நிறத்தில் ஒன்றை எடுத்து வைத்தார்,
பாலியூரிதேன்.

நான் எடையை நான்கால் வகுத்தேன். நூற்று இருபது.
வொய்கோ என் கையிலிருந்த பென்சிலை வாங்கி அடித்தார்.
"மூன்றால்.
எந்தத் தரையிலும் நான்கில் ஒன்று சும்மா இருக்கும்.
எது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது."
நூற்று அறுபது.
"எங்கள் பட்டறையை இரண்டால் வகுக்க வேண்டும்" என்றான் திஹோமிர்.
யெர்னேயா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இரண்டு திரும்பட்டும், இரண்டு நேராகவே ஓடட்டும்"
என்று சொல்லிப் பார்த்தார் வொய்கோ.
திஹோமிருக்கு நான்கும் திரும்ப வேண்டும்.
எல்லாத் திசைக்கும் காசு கொடுத்துவிட்டு வந்தோம்.

ஜாக்கி, பதினாறு போல்ட், ஒரு ஞாயிற்றுக்கிழமை.
ஒரு விரலால் தள்ளினான். போயிற்று.
பக்கவாட்டில் தள்ளினான். அப்படியும் போயிற்று.
அவன் சிரித்ததை நான் அந்த வருடத்தில்
அன்றுதான் பார்த்தேன்.
பிறகு, தள்ளியதை இழுத்தான்.

சுழலும் சக்கரத்துக்கு ஒரு குணம்:
அச்சுக்குப் பின்னால்தான் அது இழுபட்டு வரும்.
திசை மாற்றினால்
நான்கும் முதுகைத் திருப்பிக்கொள்ள வேண்டும்,
அந்த அரை நொடியில்
வண்டி யார் பேச்சையும் கேட்காது,
தரையின் பேச்சைத் தவிர.

அவசரமே இல்லாமல் சரிந்தது.
காலைக் குறுக்கே வைக்கப் போனான்.
"விடு!" என்றாள் யெர்னேயா.
அவள் கத்திக் கேட்டதில்லை; விட்டான்.
வியாழக்கிழமை அனுப்ப வேண்டிய
அரசியின் படுக்கையறைச் சுவரில்
இடுப்புயரத்துக்கு ஓட்டை போட்டு
ஒரு சக்கரத்தைச் சாக்கடையில் இறக்கி
நின்றது.

"நான் அப்போதே சொன்னேன்" என்று வொய்கோ சொல்லவில்லை.
திரும்பாத இரண்டை மேஜையில் வைத்து
மாற்றுக்கு உண்டான சில்லறையை மட்டும் எடுத்துக்கொண்டார்.
பின்னால் அவை. முன்னால் திரும்புகிறவை,
மிதித்தால் உருளலும் சுழலலும்
சேர்ந்தே பூட்டிக்கொள்ளும் பிரேக்கோடு.
கழற்றிய இரண்டையும் அவர் திருப்பி எடுக்கவில்லை;
ஒன்றில் சாக்கடை வாசம்.
பசை டப்பாக்களுக்குப் பக்கத்தில் கிடக்கின்றன,
போகிற வருகிற எல்லோரும் ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறார்கள்.

அன்றிரவு எல்லோரும் போனபின்
டார்ச்சுடன் தரையில் படுத்தேன்.
மூன்று சக்கரம் அழுத்தமாய் நின்றன.
பின் இடதின் அடியில்
ரசீது ஒன்றை நுழைத்தேன்; தடையில்லாமல் போயிற்று.
விரலால் தட்டினேன்.
அவ்வளவு எடைக்குக் கீழே
அது தன்பாட்டுக்குச் சுற்றியது.

மறுநாள் இரண்டடி நகர்த்தினோம்.
இப்போது முன் வலது.
அந்த இடத்தில் வேறொரு ரசீது,
யெர்னேயாவின் கையெழுத்தில்
பின்புறம் ஏதோ கூட்டல்.